சறுக்குப் பலகையில் இறங்கிப்போன முகூர்த்தப் புடவை

சென்ற ஆண்டு ஆவணி மாதம், என் மகளின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. மைசூரில், மண்டி மொஹல்லாவை ஒட்டிய கடைவீதியில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. கைக்குட்டையிலிருந்து கம்பளி வரை எல்லாமே அங்கு வாங்கிவிடலாம். என் கல்யாணத்துக்கும் அங்குதான் ஜவுளி எடுத்தோம். இப்போது ஜனங்கள் மாலுக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் செல்போனிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். ஆகஸ்டு மாதத்தோடு கடையை மூடப்போவதாக வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள்.

மகளுக்கு அந்தக் கடையைக் கண்டாலே ஆகாது. அங்கே எதை வாங்கினாலும் கையில் தரமாட்டார்கள். மாடியில் விற்பனையாளர் பில் போட்டு, சீட்டை மட்டும் நம்மிடம் நீட்டுவார். துணியை ஒரு மரச் சறுக்குப் பலகையில் தள்ளிவிடுவார். அது சர்ரென்று கீழ்த்தளத்துக்குப் போய்விடும். நாம் படியிறங்கி, கேஷ் கவுண்டரில் பணம் கட்டி, முத்திரை வாங்கி, டெலிவரி வரிசையில் நின்று பொட்டலத்தை வாங்க வேண்டும்.

“ஒரு துண்டு வாங்க மூணு இடத்துல நிக்கணும். அப்புறம் ஏன் மூடமாட்டாங்க?” என்பாள்.

ஆனாலும் அன்று அவளே கூட வரவேண்டியதாயிற்று. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த முகூர்த்தப் புடவை வெங்காயத் தோல் நிறம். அதற்கு உள்பாவாடையும் ஃபால்ஸும் ஆன்லைனில் வரவழைத்தாள். ஒரு முறை ரோஜா நிறத்தில் வந்தது, மறுமுறை செங்கல் நிறத்தில். அசல் நிறம் வேண்டுமென்றால் அந்தப் பழைய கடைதான். புடவையை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம்.

அன்று கடைசி நாள். உள்ளே தேர்த் திருவிழாக் கூட்டம். “எந்தச் சேலை எடுத்தாலும் ஒரே விலை” என்று மேஜை மேஜையாகப் புடவைகளைக் குவித்திருந்தார்கள். விலைச்சீட்டே கிடையாது. எனக்கும் உற்சாகம் பற்றிக்கொண்டது. மேட்சிங் பிரிவில் எங்கள் புடவையை விரித்ததும், விற்பனையாளர் ஒரே பார்வையில் அதே நிறத்தை இழுத்துப் போட்டார். மகளே, “சூப்பர்ப்பா!” என்றாள். நான் புடவையைக் கடைக்காரர்கள் மடிப்பதைப் போலவே ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி மடித்து மேஜையில் வைத்தேன். எதையும் அப்படி மடித்தால்தான் எனக்கு மனம் ஆறும். பிறகு பக்கத்துப் பிரிவில் வேட்டி பார்க்கப் போனேன். அவள் பையில் எடுத்து வைப்பாள் என்று நான் நினைத்தேன். அவளுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. அப்பா எடுத்துக்கொள்வார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது மேஜை காலி.

“அப்பா, சேலை எங்கே?”

“உன் பையில இல்லையா?”

“நீங்கதானே மடிச்சீங்க!”

மஞ்சள் பையைத் தலைகீழாக உதறினோம். காசு கொடுத்தால் வேறு புடவை கிடைக்கும். மாப்பிள்ளை வீட்டார் பூஜையில் வைத்துக் கொடுத்ததைத் தொலைத்துவிட்டு முகூர்த்தத்துக்கு எந்தப் புடவையைக் கட்டுவது, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

விற்பனையாளர் நெற்றியில் அறைந்துகொண்டார். “அய்யய்யோ சார், நீட்டா மடிச்சிருந்திச்சு இல்லையா, நம்ம கடை சரக்குன்னு நினைச்சுட்டேன்! ஒரு அம்மா எடுத்தாங்க, கொஞ்சம் முன்னாடிதான் பில் போட்டு கீழே தள்ளினேன்!”

அடுத்த நொடி சறுக்குப் பலகையின் வாயில் தலையை விட்டுக் கன்னடத்தில் கத்தினார்: “டெலிவரி நில்ஸ்ரோ! ஈருள்ளி கலர் சீரே கொட்பேட்ரோ!” டெலிவரியை நிறுத்துங்கள், வெங்காயக் கலர் புடவையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று. கீழே இருந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்று பேரும் படியில் பாய்ந்தோம். என் வயதில் அப்படி இரண்டிரண்டு படியாகத் தாவியதே இல்லை. கேஷ் கவுண்டர் வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினோம். முதுகுக்குப் பின்னால் வசவு விழுந்தது.

டெலிவரி கவுண்டரில் ஒரு பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டிருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, தலை நிறைய மல்லிகை. “அது எங்க புடவைம்மா!” என்று மகள் அலறியதும், பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பேச்சிலேயே கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் என்று தெரிந்தது.

“ஏனுங், காசு கட்டி முத்திரை போட்டாச்சுங்க. இனி அதெப்படி உங்க சேலை?”

விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அதில் அந்தப் பெண்மணிக்குச் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

“நல்ல சேலையெக் கொறஞ்ச வெலைக்குக் குடுத்துப்போட்டமேன்னு இப்ப ஆளை வெச்சு நாடகம் ஆடறீங்களா? வித்தது திரும்ப எடுக்கமாட்டோம்னு நீங்கதான எழுதி மாட்டியிருக்கறீங்க!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. எங்களுடையது என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை.

அப்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: “அத்தை, முந்தானை ஓரத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. மாமியார் மஞ்சள் வெச்சுக் கொடுத்தாங்க.”

அவர் நம்பிக்கையில்லாமல்தான் காகிதத்தைப் பிரித்தார். முந்தானையின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தீற்றியிருந்தது. அதன் நடுவே குங்குமப் பொட்டு. நீவி நீவி மடித்தபோது நான்தான் அதை உள்ளே தள்ளி மறைத்திருக்கிறேன்!

அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. “அடக் கண்ணு! மஞ்ச வெச்ச சேலையா இது? இன்னொரு வூட்டுப் பொண்ணுக்கு வெச்சதெ நான் கட்டுனா வெளங்குமா?” என்றவர், சும்மா கொடுத்துவிடவில்லை. தன் தலைப் பூவில் ஒரு துண்டு கிள்ளிப் புடவைமேல் வைத்து, கிழக்கே பார்த்து நின்று, இரு கைகளாலும் மகளிடம் நீட்டினார். மகள் அந்தக் கூட்டத்திலேயே குனிந்து அவர் காலைத் தொட்டாள். சற்றுமுன் சிரித்த வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏனுங் அண்ணா, சேலைக்கே இந்தக் கதின்னா பொண்ணெ எந்தக் கடையில வெச்சுப்போட்டு வருவீங்க?”

நான் சிரித்தபடியே அவரைக் கல்யாணத்துக்கு அழைத்தேன்.

“வாறனுங். ஆனா சேலையெ நீங்க எடுத்தாராதீங்க, அம்மிணியே எடுத்தாரட்டும்.”

அவரை வெறுங்கையோடு அனுப்ப மகளுக்கு மனம் வரவில்லை. கையைப் பிடித்து மறுபடி மாடிக்கு இழுத்துப்போனாள். இருவரும் குவியல்களைக் கலைத்துப் போட்டார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புவார்கள். கடைசியில் வாழையிலைப் பச்சையில் ஒன்று அகப்பட்டது. விற்பனையாளர் பில் போடும்முன் முந்தானையை நன்றாக விரித்து, “மஞ்சள் இல்லம்மா, நோடி!” என்று காட்ட, அந்த மாடியே சிரித்தது. புடவை சறுக்குப் பலகையில் இறங்கியது. எங்கள் உள்பாவாடையும் ஃபால்ஸும் பின்னாலேயே போயின. இந்த முறை டெலிவரி வரிசையில் மகள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முகூர்த்தப் புடவையை மட்டும் பையில் போடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

முகூர்த்தத்தன்று வாழையிலைப் பச்சையில் அந்தம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எந்த வழியில் சொந்தம் என்று சம்பந்தியம்மா விசாரித்தார். “டெலிவரி கவுண்டர் அத்தை” என்றாள் மகள். முழுக் கதையையும் சம்பந்தியம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்தக் கடையின் ஷட்டர் இப்போது இறங்கியே கிடக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், எத்தனையோ வருடம் நாங்கள் அலுத்துக்கொண்ட அந்த மூன்று இடத்துக் காத்திருப்புதான் என் மகளின் புடவையை வாசல் தாண்டவிடாமல் பிடித்து வைத்திருந்தது, யாரென்றே தெரியாத ஒருத்தியை அவளுக்கு அத்தையாகவும் ஆக்கிவைத்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.