மங்கையர்க்கரசி டீச்சரின் காரும் இரண்டு கனவான்களும்

மங்கையர்க்கரசி டீச்சர் இறந்த செய்தி, வண்டி வரவில்லை என்ற புகாராகத்தான் முதலில் என்னை வந்தடைந்தது. அன்று நான் விடுப்பெடுத்துக்கொண்டு குரும்பலூரில் வீட்டில் இருந்தேன். எங்கள் பள்ளியின் வணிகவியல் ஆசிரியர் பெரம்பலூர் பாலக்கரையிலிருந்து அழைத்தார். “என்ன கலா டீச்சர், வரலாறு டீச்சர் இன்னும் வண்டிய எடுத்துட்டு வரலியே! போன் அடிச்சா எடுக்கவும் மாட்டேங்குறாங்க. நேத்தே சொல்லியிருந்தா பஸ்ஸையாவது புடிச்சிருப்போம்ல?” என்றார். குரலில் கவலை இல்லை, கோபம்தான் இருந்தது.

நான் டீச்சரின் எண்ணுக்கு அழைத்தேன். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அவருடைய தம்பி எடுத்தார். “எழுப்பப் போனேம்மா. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. தூக்கத்துலயே போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு அழுதார். பிறகு பாலக்கரையில் நின்றுகொண்டிருந்தவருக்குச் சொன்னேன். “அடடா” என்றார். அப்புறம், “சரி, நாங்க பஸ்ஸப் பாத்துக்குறோம்” என்றார்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு, அவரிடம் படித்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அங்கே அவருடைய தயாள குணத்தைப் பற்றி இரண்டு பேர் உருகி உருகிப் பேசியதைக் கேட்டீர்கள். ஒருவர் வணிகவியல் ஆசிரியர், மற்றவர் வேதியியல் ஆசிரியர். பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். “ஒரு பைசா வாங்காம எங்கள வருஷக்கணக்கா ஏத்திட்டுப் போன தெய்வம்” என்று வேதியியல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல்கூட விழுந்தது. அந்தப் பைசா வாங்காத கதையை முழுதாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

டீச்சருக்கு இரக்கம் உண்டு. ஆனால் அதை எல்லாருக்கும் வாரி இறைப்பவர் அல்லர். ஒரு முறை வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, ஆசிரியர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் ஊட்டினார். எப்படி இருந்தது என்று தலைமையாசிரியர் கேட்டபோது டீச்சர் சொன்னது: “நல்லாப் பேசுனாரு சார். எப்ப முடிப்பாருன்னு ஒரு நம்பிக்கை கடைசி வரைக்கும் இருந்துச்சு.” ஆளைத் திட்டாமலே ஆளைக் காலி செய்கிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கார் அவருக்கு ஆடம்பரம் இல்லை. எப்போதோ மாடிப்படியில் விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்குப் பஸ்ஸில் வந்து போக அந்த இடுப்பு இடம் கொடுக்காது. கார் ஓடினால் வேலை, கார் நின்றால் விருப்ப ஓய்வு. “போதும்க்கா, எழுதிக் குடுத்துட்டு வூட்டுல இரு” என்று தம்பி நச்சரித்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு வகுப்பறையை விட்டால் வேறு உலகம் கிடையாது. அதனால் பழைய கார் ஒன்றை வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

காலியாக ஏன் போக வேண்டும் என்று என்னையும் அந்த இரண்டு ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டார். பெட்ரோலை மட்டும் நால்வரும் பங்கு போட்டுக்கொள்வோம். முன்சீட்டு ஆண்களுக்கு. இதை யாரும் முடிவு செய்யவில்லை. முதல் நாளே வணிகவியல் போய் உட்கார்ந்துகொண்டார், அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் வேதியியல். மற்றவர் என்னோடு பின்னால், எங்களுக்கு நடுவே ஒரு மதிற்சுவர் போல இரண்டு சாப்பாட்டுப் பை. அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். முன்சீட்டில் உட்காருகிறவர் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் டிக்கியில் இருக்கும், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் கேனை எடுத்து ஊற்ற வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிய அவரால் முடியாது.

எங்கள் பள்ளி இருக்கும் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தோண்டினால் சுண்ணாம்புக்கல். பள்ளியின் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை அடித்த மாதிரி படியும். வேதியியல் ஆசிரியர் ஆண்டுதோறும் கரும்பலகை நிறையக் கடின நீர் பாடம் நடத்துவார். கொதிகலனில் உப்புப் படிந்தால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டுவார். அவர் குடிப்பதென்னவோ கேன் தண்ணீர்தான். அப்படிப்பட்ட மேதை, டிக்கியைத் திறந்து பைகளை நகர்த்திக் கேனை எடுக்கச் சோம்பல்பட்டு, சாயங்காலம் கிளம்பும்போது பள்ளிக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் காருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊற்றுகிறாரே என்று வணிகவியலும் ஊற்றினார். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. அக்காவிடம் இருவரும் சொன்னது ஒன்றே ஒன்று: “பாத்துட்டோம் டீச்சர், கரெக்டா இருக்கு.”

ஒரு நாள் காலை, கல் லாரிகள் வரிசையாகப் போகிற சாலையில், சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. அக்கா வேகத்தைக் குறைத்தார். “நிறுத்திடுறேன், ஏதோ சரியில்ல.”

“இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் டீச்சர். லேட்டாப் போனா எச்செம் கையெழுத்துப் போட விட மாட்டாரு. மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது” என்றது முன்சீட்டு.

“ஆமா டீச்சர், முள்ளுலதான் கோளாறு இருக்கும்” என்றது பின்சீட்டு வேதியியல்.

அக்கா ஓட்டினார். பள்ளி வாசல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பானெட்டிலிருந்து ஆவி சீறியது. ஒரு சத்தம், வண்டி செத்து நின்றது. நாங்கள் இறங்குவதற்குள் இருவரும் பையை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட நடந்துவிட்டார்கள். பிற்பாடு அக்கா அடிக்கடி சொல்வார்: “என் வாழ்க்கைல நான் ஆம்பளைங்க பேச்சக் கேட்டது அந்த ரெண்டு கிலோமீட்டர்தான்டி.”

வண்டியைப் பெரம்பலூருக்குக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் ஓட வேண்டிய வழியெல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. “என்ன டீச்சர், இதுல கூலன்ட் ஊத்துனீங்களா, சிமெண்ட் ஊத்துனீங்களா?” இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கெட் போய்விட்டது, பிஸ்டன் இறுகிப் பிடித்துவிட்டது என்று அடுக்கினார். எல்லாம் சேர்ந்து எழுபதாயிரத்துக்குக் குறையாதாம். அதோடு விடாமல், கிளட்ச்சையும் மாற்றிவிடலாம், பெயிண்டும் ஒரு கோட் அடித்துவிடலாம் என்று ஆசை காட்டினார். “வளைஞ்சது ஹெட்டு. அத மட்டும் பாரு. சாக்கோட சாக்கா என் கழுத்தையும் சேத்து வளைக்காத” என்றார் அக்கா. கிளட்ச் அதே கிளட்ச்சாகவே தப்பித்தது. ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் கையிலிருந்த வளையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பணத்தைப் போடாவிட்டால் வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அக்கா நேராகவே கேட்டார். “குழாத் தண்ணிய ஊத்துனது யாரு?” இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “தண்ணிதானே டீச்சர்” என்றார் வேதியியல். கடின நீர் பாடத்தின் ஆசிரியர் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. பழுதுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வோமா என்று நான் கேட்டேன். உடனே வணிகவியல் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பெட்ரோல் என்பது நடப்புச் செலவு, அதில் பயணிக்குப் பங்கு உண்டு. இன்ஜின் என்பது மூலதனச் செலவு, அது உரிமையாளரைச் சேர்ந்தது. “வண்டி உங்க பேர்ல இருக்குல்ல டீச்சர்? நாளைக்கு வித்தா காசு உங்களுக்குத்தானே வரப்போவுது?” வேதியியல் அவ்வளவு கஞ்சர் இல்லை, ஒரு யோசனையை இலவசமாகவே கொடுத்தார்: “கண்ணு பட்டுருக்கு டீச்சர். ஒரு பூசணிக்காய வாங்கிச் சுத்தி ஒடைங்க.” அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பூசணிக்காய்ல பங்கு உண்டா சார்?” என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

என் பங்கை நான் கொடுத்தேன். வேண்டாம் என்று நாடகம் போடாமல் வாங்கிக்கொண்டார். மீதிக்கு அவருடைய வளையல்கள் அடகுக்குப் போயின.

இன்ஜின் வேலை முடியும் வரை பஸ். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படி உயரம். அக்கா கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து ஏற்றுவதற்குள் கண்டக்டர், “ஏறும்மா ஏறும்மா” என்று விசிலை வாயில் வைத்திருப்பார். நம் கனவான்கள் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். அக்காவுக்காக அல்ல, தங்களுக்காக. ஒரு நாள்கூட எழுந்து இடம் கொடுக்கவில்லை. அக்கா கம்பியைப் பிடித்து நின்றபடி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவார். வணிகவியல் அண்ணாந்து பார்த்து, “வண்டி எப்ப டீச்சர் வரும்? ரொம்பச் செரமமா இருக்கு” என்பார்.

வண்டி வந்தது. வந்த முதல் நாள் காலை, பாலக்கரையில் இருவரும் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஏற்றாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், ஆசையும் பட்டேன். அக்கா நிறுத்தினார். முன்கதவைத் திறக்க வந்த வணிகவியலிடம், “பின்னாடி ஏறுங்க சார்” என்றார். முன்சீட்டில் என்னை உட்காரவைத்தார். மாதக் கடைசியில் இருவரும் பெட்ரோல் பங்கை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். இருவருக்கும் வாயெல்லாம் பல்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏங்க்கா, ஒங்களுக்குச் சூடு சொரணை இல்லியா?” என்று கேட்டேவிட்டேன்.

“எனக்கு இருக்குடி. அவனுங்களுக்கு இருக்கான்னுதான் பாக்குறேன். காசு வாங்குனா கணக்குத் தீந்துடும். ஏத்தாம வுட்டா மறந்துபோயிடும். தெனம் ஓசில ஏத்துனா, தெனம் ஒறைக்கும்ல?”

டேஷ்போர்டின் மேல், பின்சீட்டிலிருந்து பார்த்தால் நேரே தெரிகிற இடத்தில், ஒரு பித்தளைத் துண்டை ஒட்டிவைத்திருந்தார். இன்ஜினைப் பிரித்தபோது கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் அது. சூடு ஏறினால் தண்ணீருக்கு வழிவிடுகிற சின்னக் கதவு, சுண்ணாம்பு பிடித்துத் திறக்காமல் போனது. வேதியியல் ஒரு நாள், “என்ன டீச்சர், சாமி செலையா?” என்று கேட்டார்.

உறைக்கவில்லை. கடைசி வரை உறைக்கவே இல்லை. முகத்தில் அறைந்த மாதிரி அக்கா கொடுத்த அடியை அவர்கள் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்கள். “டீச்சருக்குத் தங்கமான மனசு” என்று பின்சீட்டிலிருந்து சொல்வார்கள். அக்கா சாலையைப் பார்த்தபடியே, சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வை போதும். அந்தப் பள்ளியில் இத்தனை வருஷம் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அதனால்தான்.

இரங்கல் கூட்டத்தில் அவர்கள் பேசியது பொய் இல்லை என்பதுதான் கொடுமை. அவர்கள் மனதார நம்புகிறார்கள். கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது வேதியியல் என்னிடம் வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. “வண்டிய அவங்க தம்பிகிட்டருந்து நீங்க வாங்கிட்டதாச் சொன்னாங்க. அப்ப திங்கக்கெழமலேருந்து பாலக்கரைல நிக்கட்டுங்களா?”

“நில்லுங்க சார். பின்சீட்டு. காசெல்லாம் வேணாம்.”

“அதானே! அவங்ககூடவே இருந்தவங்கல்ல நீங்க?” என்றார்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். தண்ணீரை நானே பார்க்கிறேன். வளைந்து நிமிர்ந்த அந்த இன்ஜின் இன்னும் நன்றாக ஓடுகிறது. தெர்மோஸ்டாட் அதே இடத்தில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை அதுவும், மன்னிக்காமலே ஏற்றிக்கொண்டு போகிற அந்தப் பழக்கமும்தான். நேற்று வணிகவியல், டோல்கேட் தாண்டியதும், “கலா டீச்சருக்கும் தங்கமான மனசு” என்றார். நான் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் இடப்பக்கம் பார்த்தேன். முன்சீட்டில் யாரும் இல்லை.