பின்சீட்டு அம்மாவும் இறங்கணும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எனக்குப் பயம் அழுக்கின் மேல்தான். பஸ் சீட்டைக் கைக்குட்டையால் துடைக்காமல் உட்கார மாட்டேன், அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைப் பார்த்தாலே குமட்டும். செஞ்சி பஜாரில் என் செல்போன் கடைக்கு வருகிறவர்கள் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள், ஆனால் சத்தியமாக நடந்தது.

மனைவி கவிதா மாசமாக இருந்தபோது, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமென்று கேஸில் ஓடுகிற பழைய சிஎன்ஜி கார் ஒன்று வாங்கினேன். வெகுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை, அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே கவலை. வண்டி வந்த மறுநாளே உள்ளே ஒரு நாற்றம். கேஸ் கசிகிறதோ என்று அலறியடித்து மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் குழாய் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தார்.

"லீக்லாம் ஒண்ணும் இல்லண்ணா. கேஸ்னா அழுவுன முட்டை வாடை அடிக்கும். இது வேற இன்னாவோ. பால் கெட்டாப்ல இருக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. திரிந்து, புளித்து, வெயிலில் கிடந்த பாலின் வாடை. பின்சீட்டின் இடது பக்கம் கை வைத்தேன், ஈரம். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. சீ, அன்றைக்குக் கையைக் கழுவிக் கழுவி தோலே உரிந்துவிட்டது, சோறு இறங்கவில்லை. ஷாம்பு, பினாயில், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தேன். காய்ந்துவிடும். கேஸ் போட்டுக்கொண்டு வந்தால் மறுபடி அதே இடத்தில் அதே ஈரம். கவிதாவுக்கு ஏறினாலே வாந்தி. "இந்த நாத்தம் புடிச்ச வண்டிய வித்துத் தொலைங்க" என்று தினமும் அதே பாட்டு.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்குத் தெரியும், கேஸ் போடும்போது உள்ளே ஒருத்தர்கூட இருக்கக் கூடாது, எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். ஒருநாள் உச்சி வெயிலில் நான் மட்டும் போயிருந்தேன். பங்க்கில் வேலை செய்கிற பெண் குழாயைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணா, பின்னாடி இருக்கிற அக்காவ எறங்கச் சொல்லுங்க."

"எந்த அக்கா? நான் மட்டும்தாம்மா வந்தேன்."

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு கேஸைப் போட்டாள். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வீடு வரும்வரை கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது, ஆபரேஷன். கவிதாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கிறது, பாப்பா பசியில் வழியெல்லாம் வீல் வீல் என்று அலறுகிறது. கேஸ் தீர்ந்துகொண்டிருந்ததால் பங்க்கில் நிறுத்தினேன். முன்சீட்டிலிருந்த அத்தை, கவிதாவின் அம்மா, இறங்கி, கவிதாவைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்கு அழைத்துப் போனார். கேஸ் குழாயை மாட்டுகிற வாய் முன்பக்கம் இருப்பதால், நான் பானட்டைத் திறந்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கினேன். பாப்பாவின் அழுகை நின்றிருந்தது, அப்பாடா என்று இருந்தது.

பங்க்கில் அன்று வேறு ஆள், வயதானவர். குழாயை மாட்டாமல் வண்டிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க, சும்மா நிக்கிறீங்க? போடுங்க."

"பின்னாடி அம்மா கொழந்திக்குப் பால் குடுத்துக்கினு இருக்காங்க சார். முடிச்சி எறங்கட்டும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவிதாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கையும் காலி.

"பாப்பா எங்க?" என்றேன்.

"இன்னாங்க இப்டி கேக்கறீங்க? சீட்ல கெடத்திட்டு, பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுதான போனேன்?"

என் காதில் விழவே இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இடது பக்கம், அந்த ஈரம் இருக்கும் இடத்தில், பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பசியில் ஒட்டிக் கிடந்த வயிறு உப்பியிருந்தது, கடைவாயில் திரிந்த பால் மஞ்சளாக வழிந்தது. அந்த வாடை என் குழந்தையின் வாயிலிருந்து வந்தது. அங்கேயே, அத்தனை பேர் முன்னால் வாந்தி எடுத்துவிட்டேன்.

வண்டியை விற்க ஆள் பார்த்தேன். விற்கச் சொல்லி நச்சரித்த கவிதாவே இப்போது விட மாட்டேன் என்கிறாள். "புள்ளைய உள்ள வச்சிக்கினே கேஸ் போட இருந்தீங்க. தடுத்தது யாரு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்." வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, சோறு தின்கிறாள், பால் பக்கமே போவதில்லை. நான் கடையிலிருந்து வந்ததும் "நைனா" என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பாள். அவள் வாயில் இன்றைக்கும் அந்த வாடை அடிக்கிறது. கவிதாவுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். பெற்ற பிள்ளை கொடுக்கிற முத்தத்தை நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.