டெரிக்கின் வதிவிடம்

டெரிக் போய்விட்டான்.

இன்று காலை கடையில் மரக்கறி இறக்கிக்கொண்டிருந்தபோது கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரு போன். கடைசியாக அவன் கோச்சாக இருந்த கிளப்பின் ஆள். மாரடைப்பாம். பயிற்சிக்கு வரவில்லையே என்று அறைக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள்...

அவனுடைய போனில் "அண்ணை" என்று என் நம்பர் இருந்ததாம். "நீங்கள் சொந்தமா?" என்று கேட்டார். "இல்லை, டுசல்டோர்ஃபில் கடை வைத்திருக்கிறேன்" என்றேன்.

அமெரிக்காவில் ஒரு தமையன் இருக்கிறாராம். பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். வேறு யாருக்குச் சொல்வதென்று போன் செய்தவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் மகன், இன்னாரின் கணவன் என்று அறிவித்தல் கொடுப்போம். இவனுக்கு யார் கொடுப்பது? நானே எழுத உட்கார்ந்தேன். பிறப்பிடம் ஒஹாயோ, அது தெரியும். வதிவிடத்தில் கை நின்றுவிட்டது.

அவனைத் தெரியாதவர்களுக்கு... டெரிக் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரன். குவாட்டர்பேக். பந்தை எறிபவன், ஆட்டத்தை நடத்துபவன். ஆனால் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அவன் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் அவன் இறங்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய அணிகள் கூப்பிட்டன, பிறகு அனுப்பிவிட்டன. அப்புறம் கனடா, ஆஸ்திரியா, ஜெர்மனி. எங்கே போனாலும் ஒரு சீசன்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். ஒரு கிலோ பாஸ்மதி, ஒரு சின்னப் பக்கற் மிளகாய்த்தூள். (பேசியது ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து. என் தமிழில்தான் எழுத வருகிறது. "அண்ணை" மட்டும் அவன் எங்களிடம் கற்றது.)

"பத்துக் கிலோ பை எடும் தம்பி, மலிவு" என்றேன். வியாபாரி வேறென்ன சொல்வான்?

"செப்டெம்பருக்குப் பிறகு எங்க இருப்பனெண்டு தெரியாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஓர் ஆள் வாங்கும் அரிசிப் பையைப் பார்த்தே அவன் இந்த ஊரில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறான் என்று சொல்லிவிடுவேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில், நானும் ஒரு கிலோ ஆள்தான். விசாவை நீட்டுவார்களோ, பிளேன் ஏற்றுவார்களோ... பெரிய பை வாங்க மனம் வராது.

அதனால்தான் அவனைப் பிடித்துப்போனது. வேறு காரணம் இல்லை.

ஒரு ஞாயிறு, கடை பூட்டு, என் மனைவி சாந்தியையும் கூட்டிக்கொண்டு அவனுடைய மேட்ச் பார்க்கப் போனேன். இவன் மைதானக் கோட்டுக்கு வெளியே தொப்பியோடு நின்று உள்ளே இருப்பவர்களுக்குக் கையால் ஏதேதோ காட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்கோ, உங்கட ஆள் விளையாட வந்தவரோ, ட்ராஃபிக் பொலிஸ் வேலைக்கு வந்தவரோ?" என்றாள் சாந்தி.

பிறகு முதல் ஆளுக்குத் தோளில் அடி. டெரிக் தொப்பியைக் கழற்றினான். முதல் எறி நிலத்தில் விழுந்தது. அடுத்தது... அப்படி ஒரு நீள எறி! விதி ஒன்றும் தெரியாத சாந்தி எழும்பி நின்று "ஓடு, ஓடு" என்று தமிழில் கத்தினாள். அவர்கள்தான் வென்றார்கள்.

எல்லோரும் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். இவனைக் காணவில்லை. தேடினால், தோளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த முதல் ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"ஏன் அங்க போய் இருந்தனீர்?" என்று பிறகு கேட்டேன்.

"அந்த நேரம் பக்கத்தில ஒருத்தரும் வந்து இருக்க மாட்டினம், அண்ணை."

அந்த சீசன் முடிந்து ஒரு நாள் வந்தான். "அடுத்த வருஷம் நான்தான் முதல் ஆளாம். குளிருக்கும் இஞ்சதான்." நான் சொல்லாமலே, அவனாகவே பத்துக் கிலோ பையைத் தலையணை மாதிரித் தூக்கித் தோளில் வைத்தான். சாந்தி ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் சும்மா கொடுத்தாள்.

வசந்தத்தில் கிளப் வேறொரு இளம் ஆளைக் கொண்டுவந்தது. அவர்கள் செய்ததை வியாபாரியாக எனக்கு விளங்கும். அவர்களின் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதைத்தான் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

வேறு ஊருக்குப் புறப்படுமுன் மிச்ச அரிசிப் பையை நூலால் கட்டிக் கொண்டுவந்தான். "ரயில்ல கொண்டுபோக ஏலாது. வச்சிருங்கோ, வந்து எடுக்கிறன்." பின்னறையில் ஒரு நீல வாளியில் கொட்டி மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் வரும். நீளமாகப் பேசமாட்டான்.

"அண்ணை, என்ர அரிசி இருக்கோ?"

"இருக்கு. எப்ப வாறீர்?"

"சீசன் முடிய."

அரிசி எத்தனை காலம் இருக்கும்? வண்டு பிடிக்க முதல் சாந்தி அதை எடுத்துச் சமைத்துவிட்டுப் புதிதாகக் கொட்டி வைப்பாள். நாங்கள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

கடைசியாகப் பேசியபோது குரல் களைத்திருந்தது. "முழங்கால் சரியில்லை அண்ணை. போதும். உங்கட பக்கம் ஒரு அறை பாருங்கோ." பார்த்து வைத்தேன். கடைக்கு மேலே மூன்றாம் மாடி. அடுத்த மாதம் காலியாகிறது...

இதை எழுதும்போது சாந்தி பின்னால் நின்று வாசித்தாள். "வதிவிடம் டுசல்டோர்ஃப் எண்டு போட்டிருக்கிறியள். அவர் இஞ்ச ஒரு வருஷந்தானே இருந்தவர்?"

"அவன்ர அரிசி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் பின்னறைக்குப் போனாள். வாளி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஒஹாயோவில் பிறந்து, டுசல்டோர்ஃபில் வசித்த எங்கள் டெரிக் காலமானான். தெரிந்தவர்கள், அவன் விளையாடியதைப் பார்த்தவர்கள், இதையே அறிவித்தலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போயிட்டு வா தம்பி.

அரிசி இருக்கு.