எல்லாருக்கும் கேட்ட குரல்

கம்பெனிப் பேருந்து பாகலூரைத் தாண்டும்போது ஓட்டுநர் கன்னடத்தில், "நூர்ஜஹான் அக்கா ஹோக்பிட்ரு" என்றார். போய்விட்டார் என்று பொருள். மகள் வீட்டுக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்தேன். பின்சீட்டில் யாரோ அழுத பிறகுதான் புரிந்தது. மாரடைப்பாம்.

எங்கள் கிடங்கில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் எல்லோர் காதிலும் ஹெட்போன் வழியாகக் கணினி பேசும்: எந்த வரிசை, எத்தனை பெட்டி. எடுத்ததும் "சரி" என்றால் போதும். மனிதர்களோடு பேச வேண்டியதில்லை என்றுதான், பத்தாவதோடு நின்ற நான் பதினெட்டு ஆனதும் இங்கே சேர்ந்தேன். அக்கா அந்தக் குரலோடும் சண்டை போடுவார். "இரும்மா, வரேன். உனக்கென்ன, காலா வலிக்குது?"

சேர்ந்த புதிதில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தேன். சுற்றிலும் கூட்டம். மயக்கத்தில் நான் "சரி, சரி" என்று முனகியதைக் கவனித்த இளம் டாக்டர் ஒருவர் கேள்வி கேட்க, நான் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னேன்.

"காதுல யாராச்சும் பேசற மாதிரி கேக்குதாம்மா?"

"கேக்குது."

"என்ன சொல்லும்?"

"இத எடு, அங்க வைன்னு."

"சொன்னபடி செய்வியா?"

"செய்யலன்னா விடாது சார்."

டாக்டரின் முகம் மாறியது. மனநோய் என்று எழுதி, கிருஷ்ணகிரி மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னார். அந்தச் சீட்டோடு போனால் வேலையும் போகும், ஊரில் பேரும் போகும். அப்போதும் எனக்குப் பேச வாய் வரவில்லை.

அக்கா வந்தார், கழுத்தில் ஹெட்போன் தொங்க. காவலாளியிடம் கன்னடம், நர்ஸிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், எல்லாம் ஒரே மூச்சில்.

"இந்தப் பொண்ணுக்குக் குரல் கேக்குதும்மா" என்றார் டாக்டர்.

"எனக்குந்தான் கேக்குது. எங்க ஷிப்டுல எல்லாருக்கும் கேக்கும் சார்."

டாக்டர் ஓரடி பின்னால் போனார். அக்கா ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தார். அது "இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை" என்றது.

"இப்ப உங்களுக்கும் கேக்குதா சார்?"

டாக்டரே சிரித்துவிட்டார். எழுதியதை அடித்துவிட்டு, "சாப்பிடவில்லை" என்று எழுதினார். நர்ஸ் டீயும் பன்னும் வாங்கி வந்தார்.

கிடங்கில் எல்லோரும் டாக்டரைக் கிண்டல் செய்தபோது அக்கா விடவில்லை. "அத்தன கூட்டத்துல அந்த மனுசன் என்ன பண்ணுவாரு? அவரு கேட்டதும் சரி, இவ சொன்னதும் சரி. நடுவுல ஹெட்போன்னு ஒரு வார்த்த விட்டுப்போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாயத் தொற புள்ள. பாதி சொன்னா பைத்தியம்பாங்க, முழுசா சொன்னா பன்னு தருவாங்க."

இன்றும் பெட்டியைத் தூக்கும்போது, கணினியின் குரலுக்கு நடுவே புகுந்து அக்கா சொல்கிறார்: "வாயத் தொற புள்ள." அந்த டாக்டர் மறுபடி கேட்டாலும் கேட்கிறது என்றுதான் சொல்வேன். யாருடைய குரல் என்பதையும், இந்த முறை, சேர்த்தே சொல்வேன்.