பதக்கம் வாங்கிய அழுகை

முத்தியால்பேட்டையில் மாதாகோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுக்கிற ஞானமேரிக்கு அந்தப் பேசும்படம் பிடிக்கவில்லை. ஊரே மெச்சிய படம். கப்பலேறிப் போன புருஷனுக்காகக் காத்திருந்து, பாடி, அழுது, கடைசியில் உயிரையே விடுகிறவளின் கதை. அப்படி அழுததற்காக நாயகிக்குச் சென்னையில் ஒரு சபை தங்கப் பதக்கமே போட்டிருந்தது.

கூட்டிப்போனவள் நாத்தனார் புஷ்பமேரி. “அப்படியே உங்க கதைதான் அண்ணி” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஞானமேரியின் புருஷன் தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குப் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். காகிதம் வருவதும் நின்றுவிட்டது.

கொட்டகையில் இருட்டு, வரிசையாக பெஞ்சுகள், எதிரே வெளிச்சம். ஞானமேரி முக்காட்டை இழுத்துவிட்டு, முழங்காலை மடக்கி வணங்கி, சிலுவை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பின்னால் சிரித்தார்கள். கோயில் பழக்கதோஷம், பாவம் அவள் என்ன செய்வாள்! பூசை நேரத்தில் கண்ணை மூடித் தனிஸ்லாசைப் பார்ப்பதும் அவள் பழக்கம்தான். அன்றும் பாதிப் படத்தில் மூடினாள். வந்து நின்றவன் படத்து நாயகன், பவுடர் பூசிய மழமழப்பான கன்னத்தோடு.

அதன் பிறகு அவன் போகவே இல்லை. மத்தியானங்களில் தையல் மிஷினை மிதித்தபடி அவள் சைகோனுக்குப் போய்வருவாள்; ஆற்றங்கரையில் தனிஸ்லாசோடு நடப்பாள். இப்போதும் போனாள். ஆறு இருந்தது, அவன் சட்டை இருந்தது, சட்டைக்கு மேலே அந்த நடிகனின் முகம் இருந்தது. திருத்திக்கொள்ள வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

படம் எப்படி என்று கேட்டவர்களிடம் பிடிக்கவில்லை என்றாள். புஷ்பமேரிக்குப் பொறுக்கவில்லை. “எல்லாரும் அழுவுறாங்க, உங்களுக்கு ஒரு சொட்டு வரல. எங்க அண்ணன மறந்துட்டீங்களா?”

ஞானமேரி சாயங்காலம் தனியாகக் கடற்கரைக்குப் போய், அவன் படகேறிக் கப்பலுக்குப் போன கடற்பாலத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்து, பாலம் அந்தரத்தில் மிதப்பது போலிருந்தது. படத்துக்காரி இந்த இடத்தில் பாடியிருப்பாள். ஞானமேரிக்குப் பாட்டு வரவில்லை, கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்றே பேசியவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதல் தடவையாக அவனை ஒருமையில் வைதாள்.

“தூங்குமூஞ்சி மனுசா! கப்பலேறுறதுக்கு முந்தி போட்டோ எடுத்துக்கலாம்னு எத்தினி தரம் எழுப்பினேன்? திரும்பிப் படுத்துக்கினியே. இப்போ நான் எந்த மூஞ்சியப் பாக்கறது?”

சொல்லி வாய் மூடவில்லை, அவன் எழுந்து உட்கார்ந்தான். கலைந்த தலை, திறக்க மாட்டாத கண், கன்னம் முழுக்கக் கோரைப்பாய் பதிந்த வரிவரியான தடம். தனிஸ்லாசேதான். பவுடர்க்காரன் போன இடம் தெரியவில்லை. ஞானமேரி கண்ணைத் திறக்கப் பயந்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பமேரியைக் கூப்பிட்டாள்.

“உங்க அண்ணன் தூங்கி எழுந்தா கன்னத்துல பாய்க் கோடு இருக்குமே, எந்தப் பக்கம்?”

புஷ்பமேரி யோசித்தாள். தன் வலது கன்னத்தைத் தொட்டாள், பிறகு இடது கன்னத்தை. கை அங்கேயே நின்றுவிட்டது.

“தெரியல அண்ணி” என்று அழ ஆரம்பித்தாள்.

ஞானமேரி அந்தக் கையை எடுத்து, வலது கன்னத்தில் வைத்தாள்.