மாப்பிள்ளை கைக்குப் போன வாட்ச்

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலை பத்து ஐம்பது. போளூரில் தூறல். நேரத்தை வாட்ச் கடைச் சுவரில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். என் கைக்கடிகாரம் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. மறுநாள் ஜமுனாமரத்தூரில், எங்கள் வீட்டில், பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை போளூர்க்காரர். பெண்ணின் தாத்தா சபையில் வெறுங்கையோடு உட்காரக்கூடாதென்று மனைவி என்னை மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருந்தாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தடியானது. பச்சைத் துணிப் பட்டை, பெரிய எண்கள், இருட்டில் ஒளிரும் முட்கள். விலை 2,450. மற்றது மெல்லியது. சந்தன நிற முகம், தோல் பட்டை, 1,295. ஆனால் அதில் ஓர் எண்கூட இல்லை, பன்னிரண்டு கோடுகள்தான்.

"இதுல மணி பாக்கணும்னா நானே எண்ணிக்கணுமா?" என்றேன்.

"எண்றதுதான் உங்களுக்குக் கை வந்த கலையாச்சே" என்றாள் மனைவி. "அதையே வாங்குங்க. சட்டைக்கு எடுப்பா இருக்கும்."

"மழையில நனையலாமா?"

"கை கழுவலாங்க. நனையறதுன்னா அந்தத் தடி வாட்ச்தான்" என்றார் கடைக்காரர்.

"நாளைக்கு சபையில உக்காரப் போறீங்களா, சாமைக்குக் களை எடுக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

சபை ஒரு நாள், மலை மழை பல மாதம். தடியானதையே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரியப் பணம் வைக்க வேண்டும். முன்பே சொல்லியிருந்தோம், மறுநாள் தட்டில் முறையாக வைத்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. அப்புறமும் யாரும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை இடது கையை மடிமேல் நீட்டி வைத்திருந்தார்.

அவருடைய தாய்மாமன் என் பக்கம் குனிந்தார். "வாட்ச் எங்கங்க?"

"எந்த வாட்ச்?"

"பொண்ணு வூட்ல மாப்ளைக்குப் போடறது. இன்னாங்க, இதையெல்லாமா வாய்விட்டுக் கேப்பாங்க?"

கீழே அப்படியொரு முறை உண்டென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முந்தின நாள்தான் போளூர் வாட்ச் கடையிலேயே நின்றுவிட்டு வந்தவன் நான். பேத்தி தலையைத் தூக்கவில்லை. அவள் காது மட்டும் சிவந்தது. எழுந்துபோய், என் கையிலிருந்ததைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டினேன். பட்டுச் சட்டைக்குக் கீழே பச்சைப் பட்டை.

"இன்னாங்க இது, புள்ளைய மிலிட்டரிக்கா அனுப்பறீங்க?" என்றாள் அவருடைய அத்தை. சபை சிரித்தது. பேத்தியும் சிரித்துவிட்டாள், எனக்கு மூச்சு வந்தது.

சாப்பிட்டபின் மாப்பிள்ளை கை கழுவப் போனார். கழுவியாயிற்று, ஆனால் வாட்ச் கட்டிய கையைக் குழாயடியில் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை மறுபடி போளூருக்கு இறங்கி, அந்த மெல்லிய வாட்சை வாங்கி அவரிடம் நீட்டினேன். "சபைக்கு ஏத்தது இதுதாங்க. அதைக் கொடுத்துட்டு இதைக் கட்டிக்குங்க."

"இல்லீங்க தாத்தா, இதை இருட்டுல பாத்தீங்களா?" என்று கையிலிருந்த தடி வாட்சை உள்ளங்கையால் மூடிக் காட்டினார். திருப்பித் தரவில்லை.

மெல்லியது என் கைக்கே வந்தது. கடைசித் துளையிலும் தொளதொளத்தது. இன்னொரு துளை போட இருபது ரூபாய். ஆக மொத்தம் 3,765.