ராஜா அங்கியும் ஜைதூன் பீயின் மூச்சும்

அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரில் நாடகம் போடாதவன் அரை மனிதன். எங்கள் ஆபீஸிலும் ஒரு நாடகக் குழு இருந்தது. அதில் எனக்கு நிரந்தரமாக மந்திரி வேஷம். ராஜா எது கேட்டாலும் "ஆம் மன்னா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். இந்த வாய்ப்புக்குக் கைம்மாறாக, குழுவுக்கு உடை எடுத்துவரும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அதற்காகக் கச்சேரி ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த கரீமுல்லா பாயின் டிராமா டிரஸ் கடைக்கு அடிக்கடி போவேன்.

முன்கட்டில் கடை, பின்கட்டில் குடித்தனம். பலகையில் பாயின் பெயர் இருந்ததே தவிர, கடையைக் கட்டிக் காத்தவர் அவர் மனைவி ஜைதூன் பீ. மெலிந்த உடம்பு, அடங்கிய குரல். ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் அரண்மனையே அவர் கைக்குள் அடக்கம். அவர் தைத்த உடைகளில் பேர்போனது ராஜா அங்கி. கருஞ்சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகைக் கொடி. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். ஆபீஸ் குமாஸ்தாக்கள்தானே எங்கள் மன்னர்கள்? துடைப்பக்குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல் இருப்பவனும் அதைப் போட்டதும் தோளும் மார்புமாக எழுந்து நிற்பான். அந்த அங்கிக்காகவே குழுக்கள் தேடிவரும். கூடவே மற்ற உடைகளும் வாடகைக்குப் போகும். கடை நடந்ததே அப்படித்தான்.

இப்படிப்பட்ட ஜைதூன் பீக்கு ஒத்துக்கொள்ளாத ஒரே பொருள் பூஞ்சணம். துணியில் சாம்பல் பூத்தாற்போல் துளி படிந்திருந்தாலும் போதும், மூக்கு ஒழுகும், மார்பு இறுகும், இழுப்பு வந்துவிடும். டிரஸ் கடையில் பூஞ்சணத்துக்கா பஞ்சம்? நாடகம் முடிந்ததும் வேர்வை ஈரம் காயாமல் உடையைச் சுருட்டிப் பெட்டியில் திணிப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். தண்ணீர் பட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்று யாரும் துவைக்க மாட்டார்கள். அடுத்த வாடகைக்கு முன்னால் பிரம்பால் நாலு தட்டு தட்டி, உதறி, அத்தர் தெளித்து அனுப்பிவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். நாற்றம் மறையும், நாற்றத்தின் காரணம் பெட்டிக்குள்ளேயே சுகமாகக் குடியிருக்கும். எல்லாக் கடைகளிலும் அப்படித்தான், கரீமுல்லா பாய் கடையிலும் அப்படித்தான்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஓடு ஒழுகியது, சந்துத் தண்ணீரும் உள்ளே ஏறியது. தரையில் இருந்த பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின. வடிந்து சில நாள் கழித்துத் திறந்தால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். ஜைதூன் பீக்கு வந்த இழுப்பு அன்று தானாக நிற்கவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டர் ஊசி போட்டு நிறுத்தினார். நிறுத்திவிட்டு, மருந்தால் மட்டும் ஆகாது, அந்த வீட்டில் ஒன்று பெட்டிகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த அம்மாள் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனைவியைத் திருவல்லிக்கேணியில் அவர் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்த பாய், அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவது என்று இறங்கினார். பிரியம்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் செய்த விதம் இருக்கிறதே! வெளியே மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஒவ்வோர் உடையாகப் பிரம்பால் அடித்து உதறியிருக்கிறார். பிறகு ஒரு குப்பி அத்தரையும் தெளித்திருக்கிறார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பெட்டிக்குள் கிடந்த பூஞ்சணம் இப்போது படுக்கை, தலையணை, சமையல் பாத்திரம் வரை பரவிவிட்டது. திரும்பி வந்த ஜைதூன் பீ வாசற்படி தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வந்த ரிக்‌ஷாவிலேயே மறுபடி ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் நான் போனபோது பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கடையையே விற்றுவிடப் போவதாகச் சொன்னார். பார்க் டவுனில் டிரஸ் வியாபாரம் செய்யும் தணிகாசலத்திடம் வார்த்தை கொடுத்துவிட்டாராம். வெயில் வந்ததும் வண்டி வருமாம். அதற்குப் பிறகு பாண்டிபஜாரில் ஏதாவது ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போவாராம். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"அவ மூச்சு கீதுன்னா அது போதும் சார்" என்றார்.

இது காதுக்கு எட்டியதும் ஜைதூன் பீ திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. எதிர்வீட்டுச் சுந்தரவல்லி அம்மாள் தன் மொட்டைமாடியையும் மாடி அறையையும் திறந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷி, கேட்காமலே கொடுக்கிற கை. அந்த மாடியில் வைத்துத்தான் ஜைதூன் பீ புருஷனிடம் என் முன்னாலேயே சொன்னார்:

"என் மூச்சுக்காவ உங்க சோத்த வித்துட்டா, அந்த மூச்ச வச்சிகினு நான் இன்னா பண்றது? வண்டி வர வரிக்கும் டைம் குடுங்க."

அவருக்கு இழுப்பு அடியோடு போய்விடும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தப் பெட்டிகளோடு ஒரே கூரையின் கீழ் அவரால் மூச்சு விட முடியுமா, முடியாதா? அது ஒன்றுதான் கேள்வி.

ஜைதூன் பீ போட்ட முதல் கட்டளை, யாரும் எதையும் உதறக் கூடாது. பெட்டியைத் திறந்ததும் துணிமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், நனைந்த போர்வையில் சுற்றித்தான் மாடிக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கி வந்த பாய் கீழே குழாயடியில் குளித்து, வேறு லுங்கி கட்டிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் வரலாம். ஜைதூன் பீ மூக்கையும் வாயையும் ஈர மல் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருப்பார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே நிற்பார். காலையில் தரைக்காற்று, பொழுது ஏறினால் கடற்காற்று. காற்று மாறினால் அவரும் இடம் மாறுவார். இந்த அம்மாள் வானிலை ஆபீஸுக்குப் போயிருந்தால் எங்களுக்கு ஒழுங்கான மழைச் செய்தியாவது கிடைத்திருக்கும்.

பருத்தி உடைகள் எல்லாம் பிரியாணி அண்டாவில் சலவைச் சோடாவோடு கொதித்தன. பட்டுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். வெல்வெட்டை ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, இரு பக்கமும் வெயில் காட்டினார்கள். தகரப் பெட்டிகளையும் வீட்டுப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தார்கள், படுக்கைகளையும் வெயிலில் போட்டார்கள். பாய் கடைச்சுவர் முழுவதும் புதுச் சுண்ணாம்பு அடித்தார். கழுவ முடியாதவற்றை ஜைதூன் பீ தயவு தாட்சண்யம் பார்க்காமல் தள்ளினார். ஜடாமுடி, தாடி, கிரீடத்தின் மெத்தை எல்லாம் நெருப்புக்குப் போயின. மயிலாப்பூர் முனிவர்கள் அந்த மார்கழியில் மழமழவென்ற முகத்தோடுதான் தவம் செய்தார்கள்.

மிஞ்சியது ராஜா அங்கி. துடைத்தார்கள், காயவைத்தார்கள், மறுபடியும் துடைத்தார்கள். பார்த்தால் புதிது போலிருந்தது. ஆனால் ஜைதூன் பீ பக்கத்தில் போனாலே மார்பில் விசில் சத்தம் கேட்டது. அதையும் எரித்துவிடலாம் என்றார் பாய். ஜைதூன் பீ முகத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். கல்யாணமான புதிதில், மாதக் கணக்கில் உட்கார்ந்து தான் போட்ட தையலைத் தானே பிரித்தார். உள்ளே இருந்த பஞ்சு கட்டி கட்டியாகக் கறுத்திருந்தது. பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் கை மட்டும் நிற்கவில்லை. அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதை, நான் கும்பிட்ட எந்த மன்னன்மேலும் வந்ததில்லை.

பஞ்சு முழுவதும் அடுப்புக்குப் போயிற்று. வெல்வெட்டின் உட்புறத்தையும் துடைத்துக் காயவைத்து, மெல்லிய பருத்தி உள்துணி ஒன்று தைத்தார். அது கொக்கி போட்டு மாட்டுவது. ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். பஞ்சு இல்லாத ராஜாவை யார் வாடகைக்கு எடுப்பார்கள் என்று பாய் கவலைப்பட்டார். இனிமேல் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவனாகப் பார்த்து ராஜா வேஷம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று ஜைதூன் பீ என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தணிகாசலம் வந்த அன்று, சந்து முனையில் மாட்டு வண்டி நின்றது. பெட்டிகளைக் கடையில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஜைதூன் பீ மாடியிலிருந்து இறங்கி, முகத்தில் துணி இல்லாமல், கடைக்குள் வந்து நின்றார். வெளியே போகச் சொல்லிப் பாய் கண்ணால் கெஞ்சினார். அவர் அசையவில்லை.

தணிகாசலம் முதலில் எடுத்தது ராஜா அங்கியைத்தான். தொழில்காரர் அல்லவா? இரண்டு தோளையும் பிடித்து, நாங்கள் வாய் திறப்பதற்குள் படார் படாரென்று உதறிவிட்டார். ஒரு கை தூரத்தில் ஜைதூன் பீ. பாய் பதறிப்போய் மனைவியிடம் ஓடினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஜைதூன் பீ மூச்சை இழுத்தார். நிதானமாக, நெஞ்சு நிறைய இழுத்தார். விட்டார். மறுபடியும் இழுத்தார். விசில் சத்தம் இல்லை, இருமல் இல்லை. கண்களில் மட்டும் நீர் வந்திருந்தது.

"மொதலாளி, அத்த மடிச்சிக் குடுத்துடுங்க. விக்கிறதுக்கு இல்ல."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. வார்த்தை கொடுத்து வண்டி பிடிக்க வைத்துவிட்டு இதென்ன பேச்சு என்று பாயைப் பிடித்தார். நியாயமான கேள்விதான். வார்த்தை தவறாத மனிதர் என்று பெயரெடுத்த கரீமுல்லா பாய், தணிகாசலத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மனைவியின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மூச்சுக்குப் பயந்து குடுத்த வார்த்த அது, மன்னிச்சிக்கோங்க" என்றார்.

வண்டி கிளம்பும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதார். ஜைதூன் பீ கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.